முன்னறிந்து கைகொடுத்தோர்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘விளையாட்டும் வாலிபரும்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். தேகப்பயிற்சியின் நன்மைகளை எடுத்தோதுவதற்கு இச்சபையில் வைத்தியர் பலர் உளர். அது எம் வேலையன்று. விளையாட்டிற் பெரும்புகழ் எய்தியவர்களைப் புகழ்ந்து பேசுவதும் எம் நோக்கமன்று. அவர்களைப் புகழ நாடு முழுதும் இருக்கின்றது. அவர்கள் புகழெய்துவதற்கு முன்னர், கையில் மட்டை பிடிக்கவும் செவ்வனே அறியாதிருந்த நாளில், ‘இவனிடத்தில் ஒன்று இருக்கின்றது’ என்று கண்டுகொண்டு கைகொடுத்தவர் சிலர் உண்டு. அவர்களைப் பற்றியே பேச எண்ணினோம்.

ஹாக்கி என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இதனை வளைகோற் பந்தாட்டம் என்று வழங்குவோரும் உளர். பெயர் அழகிதே, ஆயினும் தெருவில் ஆடும் பிள்ளைகள் ஹாக்கி என்றே சொல்லுகின்றமையால் யாமும் அவ்வாறே சொல்லுவோம். இவ்வாட்டத்தில் நம் தேசம் 1928, 1932, 1936, 1948, 1952, 1956 ஆகிய ஆறு ஒலிம்பிக் பந்தயங்களிலும் இடையறாது தங்கப் பதக்கம் பெற்றது. அவற்றுள் முதல் மூன்றிலும் ஆடியவர் தியான் சந்த். அவர் பெயரை அறியாதார் இங்கே இரார். பாலே திவாரி என்னும் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

தியான் சந்த் 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் தேதி அலகாபாத்தில் பிறந்தவர். தந்தையார் பட்டாளத்திற் சேவகம் புரிந்தவர். பட்டாளம் ஊர்விட்டு ஊர் மாறுந்தோறும் குடும்பமும் மாறிற்று. அதனால் பிள்ளையின் படிப்பு ஆறாம் வகுப்பளவில் நின்றுபோயிற்று. பின்னர்க் குடும்பம் ஜான்சியில் நிலைத்தது. இளமையில் அவருக்கு மற்போரில் விருப்பம் இருந்ததேயன்றி, ஹாக்கி ஆட்டத்தைப் பொருட்படுத்தி ஆடியதில்லையென்று அவரே எழுதியிருக்கின்றார். 1922-ஆம் ஆண்டில், பதினாறு பதினேழு வயதினராய், டில்லியில் முதலாம் பிராமணப் பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். சேர்ந்தபோது அவரிடம் இருந்தன ஒரு சீருடையும் சொற்பச் சம்பளமுமே. தொட்டிலிலேயே மட்டையைப் பிடித்துக்கொண்டு பிறந்தார் என்று இக்காலத்திற் சிலர் கதை கட்டுகின்றனர். அக்கதைகளை யாம் விரும்புவதில்லை. பிறவியிலேயே எல்லாம் அமைந்துவிட்டதாயின், அவருக்குக் கற்பித்தவர் எதற்கு?

அப்பட்டாளத்தில் சுபேதார் மேஜராக இருந்தவர் பாலே திவாரி. ஹாக்கியில் தீராத பற்றுடையவர், தாமும் ஆடுபவர். புதிதாகச் சேர்ந்த அந்தச் சிப்பாயை அவர் மைதானத்திற்கு அழைத்துச் சென்றார். மட்டையைப் பிடிக்கும் வகையும் பந்தைக் கொண்டு செல்லும் வகையும் கற்பித்தார். அந்தப் பட்டாளத்தில் விளையாட்டுக்கென்று குறித்த நேரம் இல்லை. பொழுது கிடைத்தபோதெல்லாம் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். நிலவொளியிலும் அவர் பழகினாரென்றும், சந்த் என்னும் பெயர் அதனால் வந்ததென்றும் சொல்லுவாருண்டு. பெயர்க்காரணம் எதுவாயினும் ஆகுக. பந்தை அடிப்பவன் ஒருவனாயின், அதனைத் திருப்பியனுப்ப எதிரே மற்றொருவன் நின்றிருத்தல் வேண்டும் என்பதை மட்டும் இங்கே நினைவிற் கொள்ளுங்கள்.

சுபேதார் மேஜர் என்பது இந்தியச் சிப்பாய்களுள் ஒருவர் அந்நாளில் அடையக்கூடிய உயர்ந்த பதவிகளுள் ஒன்று. அத்தகைய பதவியிலிருப்பவர், மாலையில் ஓய்வாக அமர்ந்து தம் பழைய வெற்றிகளைப் பேசிக்கொண்டிருத்தல் கூடும். கடைநிலைச் சிப்பாய் ஒருவனுக்குப் பந்து பொறுக்கிப் போடுதல் அவருடைய கடமையுள் அடங்கியதன்று. ஆயினும் அதனைச் செய்தார். அவர் கொடுத்தது பொருளன்று. தம் மாலைப்பொழுதைக் கொடுத்தார். ஒருநாள் இருநாள் அன்று, ஆண்டுக்கணக்கிற் கொடுத்தார். அப்பெரியாரின் பெயர் இன்றளவும் வழங்குவது பெரும்பாலும் மாணாக்கர் நன்றி மறவாதவர் ஆனமையாலேயே. 1952-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கோல்’ என்னும் தன் வரலாற்றில், பாலே திவாரியே தம் முதற்குரு என்று தியான் சந்த் எழுதி வைத்தார். அவ்வாறு எழுதப்பெறாமல் மறைந்த பாலே திவாரிகள் எத்தனை பேரோ!

1926-ஆம் ஆண்டில் இந்தியப் பட்டாளத்து அணியொன்று நியூஜிலாந்துக்குச் சென்றது. நீ போகவேண்டும் என்று பட்டாளத் தலைவர் அழைத்துச் சொன்னபோது அந்தச் சிப்பாய்க்கு மகிழ்ச்சியினால் வாயெழவில்லையாம். அந்த யாத்திரையில் அணி 21 ஆட்டங்கள் ஆடி 18-இல் வென்றது, இரண்டு சமனாயின, தோற்றது ஒன்றே. திரும்பி வந்ததும் அவருக்கு லான்ஸ் நாயக் என்னும் சிறு பதவியுயர்வு கிடைத்தது. நாலாண்டுகளுக்கு முன் வேண்டுமென்று ஆடியறியாத ஒருவர் இவ்வாறு ஆனாரென்றால், அந்த நாலாண்டு மாலைகளுக்குரிய பெருமை யாருடையது?

நிற்க. ஆசான் ஒருவர் இருந்தால் மட்டும் போதாது. பொருளுதவி செய்வோரும் வேண்டும். 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு முதன்முறையாக இந்திய ஹாக்கி அணி செல்லவேண்டியிருந்தது. இந்திய ஹாக்கி சம்மேளனம் 1925-இல்தான் தோன்றியது, கையிற் பணமில்லை. தேர்ந்தெடுத்த ஆட்டக்காரருள் ஷௌகத் அலி, நாரிஸ் என்னும் இருவரைப் பணக்குறையினால் விட்டுச் செல்ல நேரும்போலிருந்தது. அப்பொழுது வங்காளத்து விளையாட்டன்பர்கள் முன்வந்து பொருளுதவி செய்தமையால் அவ்விருவரும் கப்பலேறினார்கள். விடப்பட்டிருக்கக் கூடிய அந்த நாரிஸ், பிற்காலத்தில் அயல்நாட்டு அணிகளுக்கே பயிற்சி கொடுக்கும் ஆசிரியரானார்.

அணி பம்பாயிலிருந்து புறப்பட்ட நாளில் வழியனுப்ப வந்தவர் எத்தனை பேர் தெரியுமா? மூவர். சம்மேளனத் தலைவர் மேஜர் பர்ன் மர்டாக், உபதலைவர் நியூஹாம், வங்காளத்து அன்பர் பட்டாச்சார்ஜி ஆகிய மூவரே. அந்த அணி ஆம்ஸ்டர்டாமில் ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்தது; எதிரிகளுக்கு ஒரு கோலும் கொடுக்கவில்லை. அவற்றுள் 14 கோல்கள் தியான் சந்த் அடித்தவை. வெற்றியுடன் பம்பாய்க்குத் திரும்பியபோது துறைமுகத்தில் பெருங்கூட்டம் மாலைகளோடு காத்துநின்றது. அக்கூட்டத்தை யாம் குறை கூறவில்லை. மகிழ்ச்சி வந்தால் மக்கள் கூடுவது இயல்பே. ஆயினும் புறப்பட்டபோது வந்த மூவரும், திரும்பியபோது வந்த அக்கூட்டமும் ஒரு தராசில் வைக்கத்தக்கவையல்ல. நம் சங்கத்தார் இவ்விரண்டனுள் எதனைச் சேர்ந்தவர்கள் என்பதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என்றோர் அதிகாரம் வகுத்திருக்கின்றார். அரசன் ஒருவனை ஆராய்ந்து தேர்ந்த பின்னரே நம்பவேண்டும் என்பது அதன் கருத்து. வளர்ந்தவனை ஆராய்வது எளிது; அவன் செய்த காரியங்கள் கண்முன் இருக்கும். பதினாறு வயதுப் பிள்ளையினிடத்து ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது? அவன் இன்னும் ஒன்றும் செய்திலன். அங்கே தெளிவதற்கு அறிவு மட்டும் போதாது, அன்பும் வேண்டும். தமிழ் நூல்களைப் பயின்ற எமக்கு, பள்ளிப் பிள்ளைகளோடு பழகிய பின்னரே இவ்வேறுபாடு விளங்கிற்று.

தியான் சந்த் தாம் பெற்றதனைத் தம்மோடு நிறுத்திக்கொண்டாரல்லர். அவர் தம்பி ரூப் சிங், 1932-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், அயல்நாடு செல்லத்தக்க உடையில்லையென்று போகத் தயங்கினாராம். தமையனார் டில்லிக்கு அழைத்துச் சென்று உடை தைப்பித்துக் கொடுத்தார் என்பர். அமெரிக்க அணியை இந்தியா 24-1 என்று வென்ற ஆட்டத்தில் தமையன் அடித்தவை 8 கோல்கள். தம்பி அடித்தவை 10. ஓர் உடுப்பு வாங்கிக் கொடுத்தது பெரிய உதவியா என்று கேட்பவர்கள் அந்தப் பத்துக் கோல்களை எண்ணிப் பார்க்கலாம்.

1947-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அணியொன்று கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. தியான் சந்த் வந்தாலன்றி அணி வேண்டா என்று அவ்விடத்து இந்தியர் சொல்லிவிட்டனர். அவருக்கு அப்போது 42 வயது. ஓடியாடும் காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. உடன் சென்ற இளைஞருள் ஒருவர் கே. டி. சிங் பாபு, 25 வயதினர். அந்த யாத்திரையில் முதியவரைக் காட்டிலும் இளைஞரே மிகுதியான கோல்கள் அடித்தார் என்று எழுதியிருக்கின்றனர். பாபு 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் அணியின் உபதலைவராகவும், 1952-இல் ஹெல்சிங்கியில் தலைவராகவும் இருந்து தங்கப் பதக்கம் பெற்றார். ஆட்டத்தின் நடுவே, தன் காலடியிலிருக்கும் பந்தைத் தன்னினும் இளையவனுக்குத் தள்ளிக் கொடுத்து, அவன் அடிப்பதைப் பார்த்து நிற்பதென்பது சொல்லுதற்கு எளியது. புகழ் பெற்றவர்க்கு அஃது அரிதிலும் அரிது. சங்கங்களிலும் சபைகளிலும் நாம் காண்பது என்ன? நாற்காலியை விடுவதற்கே மனமில்லை!

மற்றொருவர் வரலாறும் கேட்கத்தக்கது. பல்பீர் சிங் லாகூரிற் படித்துக்கொண்டிருந்த மாணாக்கர். அவரை ஆட்டக்களத்திற் கண்ட ஹர்பைல் சிங் என்னும் பயிற்சியாசிரியர், அமிர்தசரஸிலிருந்த தம் கால்சா கல்லூரிக்கு அவரை வருவித்துக்கொண்டு, கடும்பயிற்சி கொடுத்தார். பின்னர் நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் பரவியதும் பஞ்சாபுப் போலீஸார் தம் அணிக்கு அவர் வேண்டுமென்று விரும்பினர். அவர் இசையாது டில்லிக்குச் சென்றுவிட, கைவிலங்கிட்டு அழைத்து வந்தார்களாம்! ஆளை மதிப்பதிலும் எத்தனை வகை! இதனை ஆதரவு என்று யாம் சொல்லமாட்டோம். பழுத்த கனியைப் பறிப்போர் எங்கும் உளர். ஹர்பைல் சிங் செய்தது நாற்றுக்கு நீர் விட்டது.

1948-ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்கு ஆட்டக்காரரைத் தேர்ந்தபோது, முதலிற் குறித்த பெயர்களுள் பல்பீர் சிங்கின் பெயர் இல்லை. 1932-ஆம் ஆண்டில் தியான் சந்துடன் ஆடித் தங்கம் வென்ற டிக்கி கார் என்னும் ஆங்கிலோ இந்தியப் பெரியவர், இவ்விளைஞனை விடலாகாது என்று வற்புறுத்திய பின்னரே அழைப்பு வந்தது. லண்டனில் இறுதி ஆட்டத்தில் பிரிட்டனை இந்தியா 4-0 என்று வென்றது. முதலிரண்டு கோல்களும் பல்பீர் சிங் அடித்தவை. அடிமைத்தளை நீங்கிய மறுவருடம், முன்னாள் ஆட்சியாளரின் தலைநகரிலேயே கிடைத்த அவ்வெற்றியை நம் முன்னோர் எவ்வாறு கொண்டாடினர் என்பது மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1952-ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் இந்தியாவின் ஆறு கோல்களுள் ஐந்து அவருடையவை. ஆட்டத்தினின்று ஓய்ந்த பின்னர், 1975-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணிக்கு வழிகாட்டியாக உடனிருந்தவரும் பல்பீர் சிங்கே. பாகிஸ்தானுக்கு எதிரான அந்த இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலை அடித்த இளைஞர் அசோக் குமார். அவர் தியான் சந்தின் மகனார். ஒருவர் கொடுத்தது எங்கெங்கோ சுற்றி எங்கே வந்து சேர்கின்றது, பாருங்கள்.

இவ்விடத்தில் நம் சபைக்கு வேண்டிய ஒரு செய்தியை ஒளியாமற் கூறவேண்டும். தியான் சந்த் ராஜபுத்திர குலத்தவர். அவருக்குக் கற்பித்தவர் பிராமணர். கற்பித்த இடமோ பிராமணப் பட்டாளம். பல்பீர் சிங் சீக்கியர். அவருக்காக வாதாடியவர் ஆங்கிலோ இந்தியர். ‘இவன் நம்மவனா?’ என்று பாலே திவாரி முதலிற் கேட்டிருப்பாராயின் கதை அங்கேயே முடிந்திருக்கும். நம் சங்கம் நம் குலத்தார் நன்மைக்கென்று ஏற்பட்டது. அதனை யாம் மறந்து பேசவில்லை. நம் முன்னோர் அரிசிப் பிடியும் அரையணாவும் சேர்த்து நிறுவிய மாணவர் விடுதியின் உப்பைத் தின்றவர் பலர் இங்கே இருக்கின்றோம். ஆயினும் ஹாக்கி அணிக்குப் பதினொருவர் வேண்டும். ஒரு தெருப் பிள்ளைகளைக் கொண்டு பதினொருவரைச் சேர்த்துவிடலாம். நல்ல அணியைச் சேர்க்க முடியாது. நம் பிள்ளை நன்றாக ஆடவேண்டுமாயின், அவனுக்கு எதிரே நன்றாக ஆடும் அயற்பிள்ளை வேண்டும்.

தாய்மார்கள் பொருட்டு ஒரு பெண்மணியின் வரலாறும் சொல்லுகின்றோம். ஹரியானாவில் ஷாஹாபாத் மார்க்கண்டா என்னும் ஊர். 1994-ஆம் ஆண்டு அங்கே பிறந்தவர் ராணி ராம்பால். தந்தையார் வண்டியிழுத்துப் பிழைத்தவர். வீட்டருகே ஹாக்கிப் பயிற்சிக் களம். சிறுமி நாள்தோறும் போய் நின்று பார்ப்பாள். ஆசிரியர் பல்தேவ் சிங், இப்பிள்ளை உடலில் ஊட்டமில்லை, பயிற்சியைத் தாங்கமாட்டாள் என்று முதலில் மறுத்துவிட்டார். சிறுமி உடைந்த மட்டையொன்றை எடுத்துக்கொண்டு, சல்வார் கமீஸ் உடையிலேயே ஓடிப் பழகினாள். கெஞ்சிக் கெஞ்சிக் களத்துக்குள் நுழைந்தாள். அக்களத்தில் ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் அரை லிட்டர் பால் கொண்டுவந்து குடிக்கவேண்டும் என்பது விதி. இவள் வீட்டில் வாங்கக் கூடியது 200 மில்லி லிட்டரே. யாரிடமும் சொல்லாமல் எஞ்சியதற்குத் தண்ணீர் கலந்து குடித்தாளாம். இதனை அவரே பின்னாளில் வெளியிட்டார்.

முதலில் மறுத்த அந்த ஆசிரியரே பின்னர் அவளுக்கு மட்டையும் காலணியும் வாங்கிக் கொடுத்தார். தம் வீட்டிலேயே தங்கவைத்து ஊட்டமான உணவும் அளித்தார். முதன்முதல் ஒரு பந்தயத்தில் வென்று கிடைத்த ஐந்நூறு ரூபாயைச் சிறுமி தந்தையார் கையிற் கொடுத்தாள். 2010-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் பந்தயத்தில் 15 வயதினளாய் இந்திய அணியில் ஆடினாள். 2021-ஆம் ஆண்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ராணியின் தலைமையில் இந்தியப் பெண்கள் அணி நான்காம் இடம் பெற்றது. 2024-இல் ஆட்டத்தினின்று ஓய்வுபெற்ற அவர், தாமும் இளையோர்க்குப் பயிற்சியளிக்கும் பணியை மேற்கொண்டார். பெண்பிள்ளைக்கு மைதானம் எதற்கு என்று சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் ஒருவர் கேட்டதுண்டு. அவர் இன்றும் வந்திருக்கின்றார் என்று நம்புகின்றோம்.

தமிழ்க் குடும்பத்திற் பிறந்த தன்ராஜ் பிள்ளையைப் பற்றிச் சுருங்கச் சொல்லுவோம். புனேயை அடுத்த கட்கியில் ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில், மைதானக் காவலராயிருந்த தந்தைக்கு 1968-இல் பிறந்தவர். உடைந்த மட்டைகளையும் பிறர் எறிந்த பந்துகளையும் கொண்டு சேற்றுத் தரையில் ஆடிக் கற்றார். வறுமையிலும் பிள்ளைகள் ஐவரையும் ஆட விட்டவர் தாயார் ஆண்டாளம்மா. பம்பாய்க்கு அழைத்துக்கொண்டு ஆட்டத்தைச் செப்பனிட்டவர் தமையனார் ரமேஷ். அதன் பின்னர்ப் பயிற்சியளித்தவர் ஜோக்கிம் கார்வாலோ. நான்கு ஒலிம்பிக் பந்தயங்களிலும் நான்கு உலகக் கோப்பைப் பந்தயங்களிலும் ஆடிய தன்ராஜ், எல்லாம் தாயார் தந்தது என்றே சொல்லி வந்தார்.

இனி நம்மைப் பற்றி. நம் சங்கம் ஆண்டுதோறும் விளையாட்டிற் சிறந்த பிள்ளைகளுக்குப் பதக்கமும் பொன்னாடையும் வழங்குகின்றது. நல்ல வழக்கமே. ஆயின் அப்பரிசின் விதியை எடுத்துப் பாருங்கள்: மாவட்டப் பந்தயத்திலேனும் வென்ற சான்றிதழ் கொண்டுவரவேண்டும். அதாவது, வென்ற பின்னரே நாம் வருவோம். கப்பல் திரும்பிய பின்னரே துறைமுகத்துக்குப் போவோம். சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு நம் பொன்னாடை ஓர் அலங்காரம். சான்றிதழ் பெறாத பிள்ளைக்கோ ஒரு சோடிக் காலணி உயிர்நிலை. தியான் சந்துக்கு நாடு செய்ததும் இவ்வகையினதே. அவர் பிறந்த நாள் தேசிய விளையாட்டு நாளாயிற்று. டில்லியிற் பெரிய மைதானத்துக்கு அவர் பெயர் இடப்பட்டது. 2021-இல் நாட்டின் மிகவுயர்ந்த விளையாட்டு விருதும் அவர் பெயர் பெற்றது. 1979-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி, டில்லி மருத்துவமனையில் பொதுப் பிரிவில் ஒரு படுக்கையில் கிடந்து அவர் உயிர்நீத்தபோது இவற்றுள் ஒன்றும் இல்லை.

காலணி வாங்கிக் கொடுத்த பிள்ளைகளெல்லாம் தியான் சந்த் ஆகிவிடுவார்களா என்று சிலர் கேட்கலாம். ஆகமாட்டார்கள். பாலே திவாரியும் அப்பட்டாளத்துச் சிப்பாய்கள் பலரோடு பந்தடித்திருப்பார். ஒருவரே தியான் சந்த் ஆனார். மற்றையோருக்குச் செலவிட்ட மாலைகள் வீணென்று அவர் கருதியிருந்தால், அந்த ஒருவர் அகப்பட்டிருக்கமாட்டார். விளையாத நிலத்துக்கு அஞ்சி எந்த உழவன் விதையைக் குதிரிலேயே வைத்திருக்கின்றான்?

ஆகவே நிர்வாகக் குழுவின் பார்வைக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கின்றோம். வரும் ஆண்டு முதல் பதக்கத்துக்கும் பொன்னாடைக்கும் ஆகும் தொகையில் பாதியை, இன்னும் ஒன்றும் வெல்லாத பிள்ளைகளுக்கு மட்டை, காலணி, பால் ஆகியவற்றுக்குச் செலவிட வேண்டும். அப்பிள்ளைகளைத் தேர்வது சான்றிதழைக் கொண்டு அன்று. இச்சபையில் ஒரு காலத்தில் ஆடியவர்கள் எழுவர் எண்மர் இருக்கின்றீர்கள். முழங்கால் நோவென்று சொல்லுகின்றீர்கள். ஓடவேண்டா, நின்றால் போதும். வாரத்தில் இரண்டு மாலை பள்ளி மைதானத்துக்கு வந்து, பந்தைத் திருப்பியனுப்பி, எவர் கையில் அது நிற்கின்றது என்று பார்த்துச் சொல்லுங்கள். அங்கே வரும் பிள்ளை ஆணா பெண்ணா, எந்தத் தெருவினர், எவர் வீட்டார் என்று வினவுதல் கூடாது என்பதனையும் அத்தீர்மானத்தில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கின்றோம். அந்த வரியை மட்டும் எடுத்துவிடலாமே என்று நண்பர் சிலர் நயமாகச் சொன்னார்கள். எடுக்க யாம் உடன்படவில்லை. எதிர்க்க விரும்புவோர் வாக்கெடுப்பில் எதிர்க்கலாம்.

தீர்மானத்தைக் காரியதரிசி அவர்கள் இப்போது வாசிப்பார்கள்.